ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதையைத் தணிக்க ஐந்து முறை பிரித்துப் பூட்டியது

வேலை இதுதான்: பேரலை மடக்கி லோடு செய்யும் 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள். 10 மீட்டரில் காகித இலக்கைச் சுடுவதற்கு மட்டும். மடக்கும்போது ஸ்பிரிங் அழுந்தி நிற்கும்; ட்ரிகரை இழுத்தால் அது பிஸ்டனை முன்னே தள்ளும், பிஸ்டன் அழுத்தும் காற்று பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டை வெளியே தள்ளும். சுடும்போது ‘டொய்ங்’ என்று ஸ்பிரிங் அதிரும். தோளில் பின்னுக்கு ஒரு தள்ளு, உடனே முன்னுக்கு ஒரு வெட்டு. இந்த வெட்டுதான் டெலஸ்கோப்பின் மவுண்டைத் தளர்த்துவது. 10 மீட்டருக்கு 7 முதல் 8 ஜூல் ஆற்றல் போதும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் ஆட்டமும் சத்தமும்தான். அதைக் குறைத்து, அதே சமயம் வேகம் ஒரே சீராக வரவேண்டும் என்பது குறி.

பிரிப்பதற்கு முன் எடுத்த அளவுகள். 0.53 கிராம் பெல்லட், பத்து ஷாட்: சராசரி 209 மீட்டர்/விநாடி, ஆகக் கூடியதற்கும் ஆகக் குறைந்ததற்கும் வித்தியாசம் 8. ஜூல் கணக்கில் 11.6. பேரல் நுனியில் லக்கேஜ் தராசை மாட்டி இழுத்தால் மடக்க 13 கிலோ. ஐந்து ஷாட் குரூப் (இலக்கில் துளைகள் பரவிய அகலம்), துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு, 9 மி.மீ. இதைக் குறித்துக்கொள்ளாமல் பிரிக்கக் கூடாது; பிறகு ‘நல்லா ஆயிடுச்சு’ என்று தோன்றுவதற்கும் உண்மையிலேயே நன்றாக ஆனதற்கும் வேறுபாடு தெரியாது.

வேகம் அளக்கும் க்ரோனோகிராஃபில் முதல் நாள் கிடைத்த எண்களை அப்படியே கிழித்துப் போடவேண்டியிருந்தது. எல்.இ.டி. விளக்கின் கீழ் வைத்ததில் 198, 231, பிறகு ‘எரர்’. எல்.இ.டி.யும் டியூப் லைட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்கும். சென்சார் அதைப் பெல்லட்டின் நிழல் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்றை மேலே கட்டியதும் சரியாயிற்று. பேரல் முனையிலிருந்து முதல் சென்சாருக்கு எப்போதும் 30 செ.மீ. தூரம், இதை மாற்றினால் எண்ணும் நகரும்.

இன்னொரு அளவும் எடுத்தேன், பின்னால் அதுதான் கண்ணைத் திறந்தது. மேசைமேல் இரண்டு உருளைக் குழாய்கள், அதன்மேல் அட்டைத் தொட்டில், தொட்டிலில் ரைபிள். பக்கவாட்டில் ஒரு பென்சிலை டேப்பால் ஒட்டி, நுனி மேசைமேல் உள்ள காகிதத்தைத் தொடுமாறு வைப்பது. எதிரே பெல்லட்டைப் பிடித்து நிறுத்தும் பெட்டி, பெல்லட் டிராப். கட்டைவிரலை ட்ரிகர் கார்டின் பின்னால் வைத்து, ஆள்காட்டி விரலோடு சேர்த்துக் கிள்ளுவதுபோல் ட்ரிகரை இழுத்தால் ரைபிளைத் தள்ளாமல் சுடலாம். பென்சில் போட்ட கோடு: பின்னுக்கு 7 மி.மீ., அதன் கடைசியில் முன்னுக்கு ஒரு சிறிய கொக்கி.

பிரிப்பது

இந்த வகை ரைபிளில் ஸ்பிரிங் ஓய்வு நிலையிலும் அழுத்தப்பட்டுத்தான் இருக்கும். இதில் 50 மி.மீ. முன்னழுத்தம், அதாவது பின்மூடியை வைத்திருக்கும் பின்களைத் தட்டிய நொடியில் சுமார் 26 கிலோ விசையில் மூடி வெளியே பாயும். கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் விலைக்கு வாங்கவில்லை: இரண்டடிச் சொச்சம் கெட்டியான மரச்சட்டம், ஒரு முனையில் பேரல் பக்கத்தை முட்டுக்கொடுக்கும் கட்டை, மறுமுனையில் நட்டு பதித்த கட்டை, அதன் வழியே எம்12 திரெட் ராடு. ராடின் முனைக்கும் மூடிக்கும் நடுவில் நைலான் துண்டு. எம்12-இன் புரி இடைவெளி 1.75 மி.மீ.; 50 மி.மீ. தளர 29 சுற்று. சுற்றை எண்ணிக்கொண்டே வந்தால் எப்போது விசை முழுதாகப் போகும் என்று முன்கூட்டியே தெரியும். ராடு கையில் லூசாகச் சுற்றும்வரை சட்டத்திலிருந்து எடுப்பதில்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

உள்ளே வந்தவை: பிஸ்டன் 230 கிராம். முன் கைடு, ஸ்பிரிங்கின் முன்முனைக்குள் அமரும் தொப்பி வடிவ எஃகுத் துண்டு, 30 கிராம். ஸ்பிரிங் 3.0 மி.மீ. கம்பி, 33 சுருள், வெளிவிட்டம் 20, தனி நீளம் 235, எடை 98 கிராம். பின் கைடு, ஸ்பிரிங்குக்குள் நின்று அதை நேராகப் பிடிக்கும் மெல்லிய எஃகுக் குழாய், வெளிவிட்டம் 13.2. ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.0. ஆக 0.8 மி.மீ. இடைவெளி. டொய்ங் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கைடின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்திருந்தது. சிலிண்டர் உள்விட்டம் 25, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75. பிஸ்டன் முன்னால் நிற்கும்போது ஸ்பிரிங்குக்கு உள்ள இடம் 185, காக் செய்த (மடக்கி ட்ரிகர் கொக்கியில் மாட்டிய) நிலையில் 110.

இந்த 110 முக்கியமான எண். எந்த ஸ்பிரிங் போட்டாலும் சுருள் எண்ணிக்கையைக் கம்பித் தடிமனால் பெருக்கி, வாஷர் தடிமனையும் கூட்டினால் 110-க்குள் அடங்கவேண்டும், நாலைந்து மி.மீ. மிச்சமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், ட்ரிகர் கொக்கி பிடிக்காது. பலமாக மடக்கினால் பேரலிலிருந்து பிஸ்டனைப் பின்னே தள்ளும் லிங்க் வளையும்.

முதல் தவறு: சுருளை வெட்டியது

செலவில்லாத வழி என்று முதலில் பழைய ஸ்பிரிங்கிலிருந்து நான்கு சுருளை வெட்டினேன். வெட்டியபின் கடைசிச் சுருளைச் சூடாக்கி மடக்கித் தட்டையாக்கவேண்டும். சூடு பட்ட இடத்தில் எஃகின் டெம்பர் (பதம்) போய்விடும். தட்டையாக்கியதும் கையால்தான், கண்ணாடிமேல் நிற்கவைத்து மூலைமட்டத்தால் பார்த்தால் மேல்முனை 6 மி.மீ. சாய்ந்திருந்தது. சாய்ந்த ஸ்பிரிங் பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளும்.

வேகம் 181-க்கு இறங்கியது, 8.7 ஜூல். குறைந்ததா என்றால் குறைந்தது. ஆனால் ஷாட்டுக்கு ஷாட் வித்தியாசம் 8-லிருந்து 11 ஆனது, குரூப் 11 மி.மீ. ஆனது, டொய்ங் அப்படியே. காரணம் எளிது: சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பு கூடும். முன்னழுத்தம் 50-லிருந்து 21 மி.மீ.க்கு வந்துவிட, ஆரம்பத்தில் தளர்வாகவும் கடைசியில் விறைப்பாகவும் ஒரு ஸ்பிரிங். மடக்கும் விசை 13-லிருந்து 11.5 கிலோவுக்குத்தான் இறங்கியது. வெட்டும் வழியை யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்த நிலையில் பென்சில் சோதனையை மறுபடி செய்தேன். கோடு அதே 7 மி.மீ. இங்கேதான் கணக்கு பிடிபட்டது. பெல்லட் நகர ஆரம்பிப்பதே பிஸ்டன் ஏறத்தாழ முன்முனைக்கு வந்த பிறகு. அதற்குள் ரைபிள் பின்வாங்கவேண்டிய தூரம் பின்வாங்கி முடிந்துவிடுகிறது. எவ்வளவு தூரம் என்பதை ஸ்பிரிங்கின் பலம் தீர்மானிப்பதில்லை. உள்ளே ஓடும் எடை, அது ஓடும் தூரம், ரைபிளின் மொத்த எடை, இவை மூன்றுதான். பிஸ்டன் 230, முன் கைடு 30, ஸ்பிரிங்கில் பாதி 49. சேர்த்தால் 309 கிராம். 75 மி.மீ. ஓட்டம், 3.2 கிலோ ரைபிள்: 309 × 75 ÷ 3200 = 7.2 மி.மீ. பென்சில் சொன்னதும் அதுவே. ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அந்த 7 மி.மீ. மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். மென்மை வேண்டுமென்றால் கடைசியில் வரும் மோதலையும் அதிர்வையும் எடையையும் பார்க்கவேண்டும்.

கைடும் புது ஸ்பிரிங்கும்

2.8 மி.மீ. கம்பி, 32 சுருள், வெளிவிட்டம் 19.8, தனி நீளம் 220 உள்ள ஸ்பிரிங். வாஷர் இல்லாமல் 35 மி.மீ. முன்னழுத்தம் வரும், 5 மி.மீ. வாஷர் ஒன்று போட்டால் 40, இரண்டு போட்டால் 45. முழுச் சுருக்கம் 90. இரண்டு வாஷரோடும் 100 தான். இப்படிக் கொஞ்சம் குட்டையான ஸ்பிரிங்கை எடுத்து வாஷரால் ஏற்றி இறக்குவது, நீளமானதை எடுத்து வெட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

முனைகள் தட்டையாக வந்தாலும் சாணை அடித்த கோடுகள் இருக்கும். கண்ணாடித் தகட்டின்மேல் 400, 800, 1200 எமரி தாளை வரிசையாக ஒட்டி எட்டு வடிவில் தேய்த்து மெருகேற்றினேன். ஸ்பிரிங் அழுந்தும்போது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், முனை வழுக்கவேண்டும். வாஷரும் மெருகேற்றிய எஃகுதான்.

பின் கைடை டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கம்பியிலிருந்து லேத்தில் கடைந்தது. மொத்தச் செலவில் பெரும்பங்கு இந்த லேத் வேலைக்குத்தான் போயிற்று, அதுவும் இரண்டு தடவை, ஏனென்றால் முதல் கைடு வீணானது. புது ஸ்பிரிங்கின் உள்விட்டம் 14.2, ‘எளிதாக ஏறட்டும்’ என்று 14.0-க்குக் கடைந்தது தவறு. 0.2 இடைவெளியில் சத்தம் தணிந்ததே தவிரப் போகவில்லை. அழுத்தும்போது ஸ்பிரிங் விட்டத்தில் சிறிது விரியும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இரண்டாவது கைடு அடிப்பகுதி 40 மி.மீ. தூரத்துக்கு 14.25, அதற்குமேல் நுனிவரை 13.9-க்குச் சரிவு. ஸ்பிரிங்கைச் சுருள் விரியும் திசையில் திருகித்தான் ஏற்றமுடியும், நேராகத் தள்ளினால் ஏறாது. அந்தப் பிடிப்புதான் வேண்டும். நடுத்துளை 8.6, பிஸ்டனின் 8 மி.மீ. தண்டு உள்ளே போக.

முன் கைடையும் டெல்ரினில் கடைந்ததில் 30 கிராம் 6 ஆனது. பிஸ்டனின் உட்சுவருக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி உறைபோல் செருகினேன். உள்விட்டம் 20.6-லிருந்து 20.1 ஆகிறது, ஸ்பிரிங் பக்கவாட்டில் அடிக்க இடமில்லை. தாளின் இரு விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது, அரை மி.மீ. விட்டு வெட்டவேண்டும்.

சீல் கிழிந்தது

இரண்டாவது முறை பூட்டும்போது, பிஸ்டனின் முன்முனையில் காற்றுக் கசியாமல் அடைக்கும் புது பாலியூரித்தேன் சீலும் போட்டேன். க்ரோனோகிராஃப் காட்டியது 143, வித்தியாசம் 15. ஸ்பிரிங் அவ்வளவு பலவீனமாக இருக்க வழியில்லை. பேரல் மூடும் இடத்து ஓ-ரிங் மேல் சந்தேகப்பட்டு, இணைப்பின்மேல் டிஷ்யூ காகிதப் பட்டையைப் போட்டுச் சுட்டுப் பார்த்தேன். காகிதம் அசையவில்லை. கசிவு அங்கே இல்லை. மறுபடி பிரித்தால் சீலின் உதட்டில் 2 மி.மீ. நீளத்துக்குக் கத்தியால் கீறியதுபோல் வெட்டு.

குற்றவாளி, சிலிண்டரின் அடியில் காக்கிங் லிங்குக்காக வெட்டிய நீளத் துவாரம். அதன் விளிம்பில் பிசிறு. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது சீல் அதன்மேல்தான் போகவேண்டும். முதல் பிரிப்பிலேயே செய்திருக்கவேண்டிய வேலையை இப்போது செய்தேன்: ஊசி அரத்தால் துவாரத்தின் இரு விளிம்பையும் உட்பக்கமாகச் சரித்து, 600 எமரியைக் குச்சியில் சுற்றித் தேய்த்து, பஞ்சை இழுத்துப் பார்ப்பது. பஞ்சில் ஒரு நூல்கூட மாட்டக்கூடாது. தேய்த்த தூள் உள்ளே தங்காமல் ஸ்பிரிட் நனைத்த துணியால் மூன்று தடவை துடைப்பு. இரண்டாவது சீலை, ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் தகட்டைத் துவாரத்தின்மேல் உள்ளிருந்து வைத்துக்கொண்டு அதன்மேல் வழுக்கித் தள்ளினேன்.

சீலின் இறுக்கம் பற்றியும் ஒரு சொல். ஸ்பிரிங் இல்லாமல் பிஸ்டனை மட்டும் உள்ளே விட்டு, கட்டைவிரலால் தள்ளினால் உறுதியான ஆனால் சீரான எதிர்ப்போடு போகவேண்டும். இந்தச் சீல் உள்ளங்கையால் அழுத்தினால்தான் போயிற்று. பிஸ்டனோடு சேர்த்து டிரில் மெஷினில் மெதுவாகச் சுற்றவிட்டு 400 எமரியைத் தொட்டுத் தொட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் உள்ளே விட்டுப் பார்த்தேன். ஒரே மூச்சில் தேய்த்தால் போச்சு, திரும்ப ஒட்டமுடியாது.

கிரீஸ்

இங்கே கை தாராளமானால் தண்டனை உடனே. பிஸ்டனின் பின்பாகத்துக்கும் சீலின் பக்கவாட்டுக்கும் மாலிப்டினம் பேஸ்ட், விரலால் தேய்த்துத் துடைத்தால் சாம்பல் நிறம் மட்டும் தங்கும் அளவு. சீலின் முகத்தில் எதுவும் கூடாது. ஸ்பிரிங்குக்குப் பிசினாக ஒட்டும் தணிப்பு கிரீஸ், வெளிச்சுருளில் மட்டும் ஒரு பூச்சு. சாதாரண எண்ணெய் சீலுக்கு முன்னால் போனால் அழுத்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும், டீசல் எஞ்சின்போல. புகை, வெடிச்சத்தம், எகிறும் வேகம், கடைசியில் சீலும் ஸ்பிரிங்கும் பாழ்.

அளவோடுதான் பூசினேன் என்று நினைத்தேன். மூன்றாவது முறை பூட்டி, இரண்டு வாஷரோடு சுட்டதில் 190-ஐத் தாண்டியது, பேரல் வாயில் புகை வாடை. ‘அதிகமாக இருக்கிறது’ என்று அன்றே பிரித்து இரண்டு வாஷரையும் எடுத்தேன். அவசரம். அந்த வேகத்தில் ஒரு பங்கு கிரீஸ் எரிந்ததால் வந்தது. 120 ஷாட் போய், வாடை நின்று, எண் நிலைத்தபோது 166-இல் நின்றது. ஐந்தாவது முறை பிரித்து ஒரு வாஷரைத் திரும்பப் போட்டேன்: 172. ஐந்து மி.மீ. வாஷர் ஒன்றுக்கு ஆறு மீட்டர் என்று இப்போது தெரிகிறது. நூறு ஷாட்டுக்கு முன் வாஷரைத் தொடாமல் இருந்திருந்தால் ஒரு பிரிப்பு மிச்சம்.

ஒவ்வொரு முறையும் பூட்டியபின் சுடுவதற்கு முன் ட்ரிகரைச் சோதிப்பது தனி வேலை. பேரலைக் கையால் இறுகப் பிடித்தபடியே மடக்கி, கொக்கி விழும் ‘க்ளிக்’ கேட்டபின்னும் பிடியை விடாமல் பெல்லட்டை வைப்பது. விரல் பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் நேரம் முழுவதும் மற்றக் கை பேரலை விடக்கூடாது. மூடி, டிராப்பை நோக்கி வைத்து, சேஃப்டி எடுத்து, பின்கட்டையை ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டிப் பார்ப்பது. சுட்டுவிட்டால் கொக்கி சரியாக உட்காரவில்லை. பெல்லட் இல்லாமல் ஒருபோதும் சுடுவதில்லை. தடுக்கக் காற்று மெத்தை இல்லாமல் பிஸ்டன் நேராக முன்சுவரில் மோதும்.

நிலைத்த எண்கள்

0.53 கிராம் பெல்லட்: 172 மீட்டர்/விநாடி, வித்தியாசம் 4, 7.8 ஜூல். மடக்க 10 கிலோ. குரூப் 5 மி.மீ. டொய்ங் போய் ‘டப்’ என்று ஒரு மரத்தட்டல்தான். பென்சில் கோடு 6.5 மி.மீ.; அரை மி.மீ. மட்டுமே குறைவு, ஆனால் முனையில் இருந்த கொக்கி ஏறத்தாழ மறைந்துவிட்டது. தோளுக்குத் தெரியும் வித்தியாசம் முழுவதும் அந்தக் கொக்கியில் இருந்தது.

பெல்லட் மாற்றினால் இது கெடுகிறது. 0.45 கிராம் போட்டால் 183 வருகிறது, ஆனால் லேசான பெல்லட் சீக்கிரம் ஓடிவிடுவதால் பிஸ்டனுக்கு மெத்தை குறைந்து முன்னே அறைகிறது. 0.67 கிராம் 150-இல் போகிறது. அது நகரத் தாமதிப்பதால் பிஸ்டன் முட்டித் திரும்புகிறது, கொக்கி மறுபடி கோட்டில் வருகிறது. இந்த ஸ்பிரிங்குக்கு நடு எடைதான்.

குரூப்பில் ஒரு பங்கு உள்வேலையால் வந்ததல்ல. பேரல் கீல் போல்ட் தளர்ந்திருந்தது. பேரலைப் பாதி மடக்கி விட்டால் தானாக விழாமல் அங்கேயே நிற்கும்வரை இறுக்கினேன். கட்டையை உடலோடு பிணைக்கும் முன்பக்க ஸ்க்ரூ இரண்டும் 50 ஷாட்டுக்கு ஒருதடவை தளரும் பழக்கம் உள்ளவை, நடுத்தர திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போட்டபின் அசையவில்லை. இந்த இரண்டையும் முதல் நாளே செய்து 9 மி.மீ. என்ற தொடக்க அளவை அதன்பிறகு எடுத்திருக்கவேண்டும். பிடிக்கும் விதமும் சேர்த்தி: இறுக்கிப் பிடித்தால் குரூப் விரியும், முன்கட்டையைத் திறந்த உள்ளங்கையில் சும்மா வைத்து, ரைபிளை அதன் போக்கில் ஆடவிட்டால்தான் 5 மி.மீ.

500 ஷாட்டுக்குப் பின் ஸ்பிரிங் 3 மி.மீ. குட்டையாகியிருக்கிறது, வேகம் 169. புது ஸ்பிரிங் இப்படித் தணிவது இயல்பு. இன்னும் இறங்கி 165-க்குக் கீழே போனால் இரண்டாவது வாஷரும் உள்ளே போகும்.

அடுத்த ரைபிளில் முதலில் ஸ்ட்ரோக்கைக் குறைப்பேன், ஸ்பிரிங்கை அல்ல. கொக்கி மாட்டும் தண்டு 10 மி.மீ. நீளமாக உள்ள பிஸ்டனை வைத்தால் ஓட்டம் 65 ஆகும். அதே எடைக் கணக்கில் பின்வாங்கல் 5.6 மி.மீ. அதற்கு லிங்க் துவாரமும் பிஸ்டன் கொக்கியும் ஒத்துவருகிறதா என்று லேத்துக்குப் போகுமுன் அட்டையில் வெட்டிப் பார்க்கவேண்டும். சீல் இரண்டாகவே வாங்கவேண்டும். கைடை 14.3-க்குக் கடைந்து கையாலேயே எமரியில் இறக்கிக்கொள்ளவேண்டும். கூடுதலாக இருப்பதைக் குறைக்கலாம், குறைந்ததை என்ன செய்ய. வீணான 14.0 கைடு இப்போது கம்ப்ரஸரில் நைலான் துண்டுக்குப் பதிலாக உட்கார்ந்திருக்கிறது.